அடிவார முகாமில் பெறப்பட்ட மனுக்கள்

அனுசியா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பத்தில் ‘முகாம்’ என்று எழுதிவிட்டாள். மலை என்றோ, யாத்திரை என்றோ, தெரியாத்தனமாகத் தேனிலவு என்றோ எழுதியிருந்தால்கூடக் கோப்பு வேறு மேசைக்குப் போயிருக்கும். அவள் நேர்மையான பிறவி. போகிற இடத்தின் பெயரை அப்படியே தமிழாக்கி, ‘நேபாள நாட்டில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாம் சென்று வர 20 நாள் ஈட்டிய விடுப்பும், வெளிநாடு செல்லத் தடையின்மைச் சான்றும் வழங்கிட வேண்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தாள். அது ஜூன் மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி மேலகரம் வரைக்கும் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் உதவியாளராக இருந்தது அருவிக் குளியல் நல வாரியத்தின் மேலகரம் அலுவலகத்தில். இப்படி ஒரு வாரியம் இருப்பது குற்றாலத்தில் குளிக்கிற யாருக்கும் தெரியாது. வாரியத்துக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் அருவிக் காவலர் போன் பண்ணுவார். அனுசியா பேரேட்டைத் திறந்து ‘நன்றாக விழுகிறது’, ‘சுமாராக விழுகிறது’, ‘விழவில்லை’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுவாள். நாலாவதாக ஒன்றை எழுத அதிகாரம் கிடையாது. பத்தொன்பது வருடம் இப்படியே போய்விட்டது. மலையிலிருந்து விழுவதை எழுதி எழுதி, ஒரு தடவையாவது மலை மேலே போய் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்துவிட்டது. ஆசைப்படுவதுதான் படுகிறோம், கொஞ்சம் பெரிதாகவே படுவோம் என்று எவரெஸ்ட்டில் கையை வைத்தாள். உச்சி இல்லை, அடிவாரம்தான். அதுவே ஐயாயிரத்து முந்நூற்று அறுபத்து நாலு மீட்டர்.

அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி பட்டாளத்தில் இருந்து வந்தவர். இப்போது குத்துக்கல்வலசையில் ஹாலோ பிளாக் கல் போடுகிறார்.

“ஏட்டி, எங்களச் சம்பளம் குடுத்து பனிமலைக்கு அனுப்புனாங்க. அப்பவும் எப்படா கீழ எறங்குவோம்னுதான் இருந்துச்சு. நீ துட்டக் குடுத்துட்டுப் போறேன்னு சொல்லுத” என்று சிரித்தார். சிரித்துவிட்டு அவரேதான் ஞாயிறுதோறும் அவள் முதுகில் பன்னிரண்டு கிலோ அரிசியைக் கட்டி, பண்பொழி திருமலைக் கோயில் படியில் ஏற்றி இறக்கினார். படிக்குக் கீழே பூ விற்கிற சங்கரம்மாள், “என்ன நேர்த்திக்கடன்டி இது, அரிசிய மேல கொண்டு போயிட்டுத் திரும்பக் கொண்டாந்துருத?” என்று கேட்டாள்.

அஞ்சலகத்தில் ஏழு வருடம் மாதாமாதம் போட்டு வந்த பணம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அக்டோபர் பதினொன்றாம் தேதிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளவும் வழியில்லை. தென்காசி எலும்பு டாக்டர் முட்டிப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “போறதா இருந்தா இந்த வருஷமே போயிட்டு வந்துருங்கம்மா. அடுத்த வருஷம் மாடிப்படியே யோசிச்சுத்தான் ஏறணும்” என்று சொல்லிவிட்டார். ஆகவே அனுசியாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து, அக்டோபர் பதினொன்றுக்கு முன்னால்.

விண்ணப்பம் கண்காணிப்பாளர் வல்லிநாயகத்தின் மேசைக்கு வந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிற மனிதர். அந்த இரண்டு வருடத்தைத் தணிக்கைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்திலேயே தேய்ந்தவர். வாரியத்தில் முகாம் என்றால் ஒன்றுதான் தெரியும்: சாமியானா போட்டு, நாற்காலி வரிசை வைத்து, பொதுமக்களிடம் மனு வாங்குவது. அவர் கோப்பு அட்டையில் ‘முகாம் - எவரெஸ்ட் - நடத்துதல் - தொடர்பாக’ என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

“அண்ணாச்சி, இது அந்த முகாம் இல்ல. மலை ஏறுதவங்க தங்குத எடம்” என்றாள் அனுசியா.

“தங்கட்டுமே. முகாமுக்கு வாறவன் தங்கத்தான் செய்வான். மனு யாரு வாங்குதா?”

“மனுவெல்லாம் கிடையாது அண்ணாச்சி. நான் சும்மா போய்ப் பாத்துட்டு வாறேன்.”

“ஏம்மா, மனு வாங்காம முகாம் நடத்துனா ஆடிட்ல என்னையல்லா தூக்கிருவான்!”

“அப்ப அதக் குடுங்க. முகாம்ங்குத வார்த்தைய எடுத்துட்டு வேற எழுதித் தாறேன்.”

வல்லிநாயகம் அட்டையைத் தடவிக் கொடுத்தார். “எண் போட்டாச்சேம்மா” என்றார்.

அவ்வளவுதான். எண் போட்ட கோப்பைத் திருப்பித் தருகிற வழக்கம் வாரியத்தில் கிடையாது. கோப்பு கணக்கு அலுவலர் மங்களேஸ்வரியிடம் போனது.

வெளிநாடு போகிற ஊழியர் செலவுத் திட்டம் காட்ட வேண்டும் என்பது விதி. அனுசியா நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்ததை அப்படியே பிரதி எடுத்து இணைத்திருந்தாள். விமானம், நடை தொடங்குகிற லுக்லாவுக்குப் போகிற சின்ன விமானம், வழிகாட்டி, சுமை தூக்குகிறவர், பூங்கா அனுமதி, ஹெலிகாப்டர் மீட்புக்கும் சேர்த்துக் காப்பீடு, வாடகைக்குப் பனிக்கோட்டு, தங்குமிடம், சாப்பாடு என்று ஒன்று விடாமல் போட்டிருந்தாள். வீட்டில் அதைப் பார்த்த சங்கிலிப்பாண்டி, “பட்டாளத்துலயே இப்படித் திட்டம் போட்டதில்லட்டி” என்று மெச்சியிருந்தார். மங்களேஸ்வரி மெச்சவில்லை. சிவப்பு மையைத் திறந்தாள்.

“அனுசியா, டீ முந்நூறு ரூவான்னு போட்டிருக்கிய. வாரிய ரேட் பன்னெண்டு.”

“மேல போகப் போக வெல ஏறும் மேடம். எல்லாத்தையும் ஆளு சுமந்துல்லா கொண்டு போறாங்க.”

“டீய எதுக்கு மேல கொண்டு போறாங்க? கீழயே குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க.” டீயின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. “இது என்ன, குளியல் ரெண்டு, தலா ஐநூறா?”

“அங்கன சுடுதண்ணிக்குக் காசு மேடம்.”

“நான் கேட்டது அதில்ல. நடக்குறது பதினாலு நாள். குளியல் ரெண்டுதான் வருது. மீதி பன்னெண்டு குளியல் எங்க?”

“குளிக்க முடியாது மேடம். குளிரும்.”

மங்களேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. “அருவிக் குளியல் நல வாரியத்து ஊழியர் பன்னெண்டு நாள் குளிக்காம இருப்பேன்னு எழுத்து மூலமாக் குடுத்திருக்கிய. இது நடத்தை விதில வரும் தெரியுமா?”

அடுத்த பக்கத்தில் பொதி சுமக்கும் யாக் மாட்டுக்குப் பதிவுச் சான்றும், கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற விவரமும் கேட்டாள். மேலே காற்றில் பாதி ஆக்சிஜன்தான் இருக்கும் என்ற குறிப்பைப் படித்துவிட்டு, முழுக் கட்டணம் செலுத்திப் பாதி ஆக்சிஜன் பெறுவது ஏன் என்று விளக்கம் கேட்டாள். கடைசியில் ஒரு வரியில் வந்து நின்றாள்.

“இங்கன ‘கூடுதல் இரண்டு நாள், சும்மா’ன்னு இருக்கு?”

“பனிமூட்டம் வந்தா விமானம் வராது மேடம். அதுக்கு ரெண்டு நாள் கையில இருக்கணும். மூட்டம் இல்லன்னா மலையப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கலாம்னு.”

“சும்மா இருக்க நேபாளம் எதுக்கு? இந்த ஆபீஸ்ல நாங்க எல்லாரும் எப்படி இருக்கோம்?” என்று கேட்டு, அந்த இரண்டு நாளையும் அடித்தாள். அனுசியாவுக்குச் சுருக்கென்றது. டீ போகட்டும், குளியல் போகட்டும், அந்த இரண்டு நாளுக்காகத்தான் அவள் ஏழு வருடம் பணம் கட்டினாள்.

கோப்பு இன்னும் நகரவில்லை. ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு என்றால் மூன்று விலைப்புள்ளி வேண்டும். அனுசியா காத்மாண்டுவில் இருக்கிற மூன்று கம்பெனிகளுக்கு எழுதி வாங்கி வைத்தாள். மங்களேஸ்வரி அதைத் திருப்பி அனுப்பினாள். மூன்றும் ஒரே மலைக்கு இருக்கின்றன, ஒரே மலையை அதே மலையோடு ஒப்பிட்டால் போட்டி எங்கே வந்தது, மூன்று மலைக்கு வாங்குக என்று குறிப்பு.

அனுசியா அலுத்துப் போய் அன்னபூர்ணா அடிவாரத்துக்கு ஒன்று வாங்கினாள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் வல்லிநாயகத்துக்கு ராத்தூக்கம் வராது. அவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு தானே நிரப்பினார்.

‘எவரெஸ்ட் அடிவாரம் - ரூ.2,38,000. அன்னபூர்ணா அடிவாரம் - ரூ.1,15,000. குற்றாலம் மலை அடிவாரம் (மேலகரத்திலிருந்து மினி பஸ்) - ரூ.10. மிகக் குறைந்த விலைப்புள்ளி ஏற்கப்படலாம்.’

ஏற்கப்பட்டது. செப்டம்பர் கடைசியில் கோட்ட அலுவலர் உமாசங்கர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அனுசியா அவர் அறைக்கு ஓடினாள்.

“சார், எவரெஸ்ட்னு தலைப்பு இருக்கு, குற்றாலம்னு எடம் இருக்கு. எதாவது ஒண்ணுதான சார் இருக்க முடியும்?”

உமாசங்கர் பொறுமையானவர். ஊழியர்களுக்குப் புரிய வைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு. “இங்க பாருங்கம்மா. ஒப்புதல் வாங்குன தலைப்ப மாத்தணும்னா சென்னை ஹெட் ஆபீஸுக்கு எழுதணும். எடத்த மாத்துறதுக்கு எனக்கே பவர் இருக்கு. அதனால தலைப்பு எவரெஸ்ட், எடம் குற்றாலம். சட்டப்படி ரெண்டும் சரி.”

“எனக்கு லீவு சார்?”

“முகாம் வச்சுக்கிட்டு லீவு கேக்கலாமா? நீங்கதான் முகாம் பொறுப்பு.”

அக்டோபர் மூன்றாம் தேதி குற்றாலத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் இனிதே நடைபெற்றது. சாமியானா, இருநூறு நாற்காலி, ஆளுக்கு மிக்சர், டீ. டீ பன்னிரண்டு ரூபாய். பேனரில் ஒரு பனிமலை. அது எந்த நாட்டு மலை என்று பிரிண்டிங் கடைக்காரருக்கும் தெரியவில்லை. மலையை விட உமாசங்கர் படம் கொஞ்சம் உயரமாக வந்துவிட்டது. உயரம் காரணமாக யாருக்காவது மூச்சு முட்டலாம் என்று ஓர் ஆம்புலன்ஸும் ஒரு சிலிண்டரும் நிறுத்தப்பட்டன. உமாசங்கர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு வந்தார். அன்று சாரல் இல்லை, உச்சி வெயில். குல்லாய்க்குள்ளிருந்து வேர்வை நன்றாக விழுந்தது.

“எவரெஸ்ட்டுக்குப் போக முடியாத ஏழை எளிய மக்களுக்காக,” என்று அவர் மைக்கைப் பிடித்தார், “அந்த எவரெஸ்ட்டோட அடிவாரத்தையே இங்க கொண்டு வந்திருக்கோம். அடிவாரம்னா என்ன? மலைக்குக் கீழ இருக்கது. அது எந்த மலையா இருந்தா நமக்கென்ன? இருபத்தாறு வருஷத்துல நூத்தி நாப்பது முகாம் நடத்தியிருக்கேன். முப்பத்தோராயிரம் மனு வாங்கியிருக்கேன். மார்தட்டிச் சொல்லுதேன், ஒரு மனுவக்கூட நான் கையில வச்சுக்கிட்டது கிடையாது. வாங்குன அன்னைக்கே அடுத்த ஆபீஸுக்குத் தள்ளிருவேன். அங்க இருந்து அவங்க நமக்குத் தள்ளுவாங்க, நான் மறுபடி தள்ளுவேன். ஒரு மனு ஒரு நாள்கூடச் சும்மா கெடக்கக் கூடாது. அதுதான் நம்ம லட்சியம்!”

கைதட்டல் பலமாக இருந்தது. மிக்சர் அதற்குப் பிறகுதான் என்று சொல்லியிருந்தார்கள். எண்பத்து நாலு மனு வந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒருவர், தன் மனு ஏழு வருடமாக இதே மாதிரி முகாம்களில் சுற்றி வருவதாகவும், அதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் புது மனு கொடுத்தார். அனுசியா எண்பத்து நாலுக்கும் எண் போட்டு, படிவத்தில் இருந்த ஒரே கட்டத்தில் ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்று எண்பத்து நாலு தடவை எழுதினாள்.

மறுநாளே சென்னைக்கு அறிக்கை போனது. தமிழ்நாட்டிலேயே ஐயாயிரத்து முந்நூற்று அறுபத்து நாலு மீட்டர் உயரத்தில் மனு வாங்கிய முதல் வாரியம் என்று ஆறாம் தேதி பாராட்டுக் கடிதம் வந்தது. உமாசங்கர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அன்று மாலையே அனுசியாவின் கையில் ஒரு தாள் வந்தது. ‘மனுதாரர் 3.10 அன்று மேற்படி முகாமுக்குச் சென்றுவிட்டதால், மீண்டும் செல்ல வேண்டிய அவசியம் எழவில்லை. விடுப்பும் தடையின்மைச் சான்றும் நிராகரிக்கப்படுகின்றன.’

அவள் வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள். நாலு மாதம் முதுகில் ஏறின அதே மூட்டை. சங்கிலிப்பாண்டி டீ போட்டுக் கொண்டு வந்தார்.

“வேலைய விட்டுரட்டா?” என்றாள்.

“நீ விட்டாலும் அவனுவ விடமாட்டானுவட்டி. அதுக்கும் மூணு விலைப்புள்ளி கேப்பானுவ.”

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாளோடு இணைத்திருந்த பணிப்பதிவேட்டு நகலை எடுத்துப் படித்தாள். ‘3.10 அன்று முற்பகல் எவரெஸ்ட் அடிவார முகாமில் பணியேற்றார்.’ அடுத்த வரியைப் பார்த்தாள். அடுத்த வரி இல்லை. பத்தொன்பது வருடம் பேரேடு எழுதிய கண் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மறுநாள் அவள் நேரத்துக்கு அலுவலகம் வந்தாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அருவிக் காவலர் போன் பண்ணினார். எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு வல்லிநாயகம் பதறிப்போய் வந்தார்.

“என்னம்மா, கையெழுத்துப் போடல? தண்ணி விழுதா விழலியான்னு சென்னையில கேக்காங்க.”

“நான் எப்படி அண்ணாச்சி போட முடியும்? நான் எவரெஸ்ட்லல்லா இருக்கேன்.”

“என்னது?”

“பதிவேட்டப் பாருங்க. போனதுக்கு எழுதியிருக்கு. வந்ததுக்கு எழுதலியே.”

வல்லிநாயகம் பார்த்தார். எவரெஸ்ட்டில் இருக்கிற ஊழியருக்கு மேலகரத்தில் சம்பளப் பட்டியல் போட்டால் தணிக்கையில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் உமாசங்கர் அறைக்குப் போனார்கள்.

“இதென்ன பெரிய விஷயம்? திரும்பி வந்தார்னு ஒரு வரி எழுதிருவோம்” என்றார் உமாசங்கர்.

“எழுதலாம் சார்,” என்றாள் அனுசியா, “ஆனா முகாம் நடந்த எடத்துலருந்து விடுவிப்பு அறிக்கை வேணும்ல. எடம், உயரம், தேதி போட்டு. குற்றாலம்னு போட்டுத் தந்தா எடுத்துக்கிடுவியளா? சென்னைக்கு அனுப்புன அறிக்கையில ஐயாயிரத்து முந்நூத்தி அறுபத்து நாலு மீட்டர்னு இருக்கு. குற்றாலம் அதுல பத்துல ஒரு பங்குகூட வராதே சார்.”

உமாசங்கர் சுவரில் மாட்டியிருந்த பாராட்டுக் கடிதத்தைப் பார்த்தார். அனுசியாவைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

“அப்ப நானும் அங்கயா இருக்கேன்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தலைமை தாங்குதவங்களுக்குப் பணியேற்பு கிடையாது சார்” என்று வல்லிநாயகம் ஆறுதல் சொன்னார். “வந்து போறதுதான்.”

உமாசங்கர் மூச்சு விட்டார். அன்றைக்கே ஆணை தயாரானது. வாரிய வரலாற்றில் ஒரு கோப்பு காலையில் கிளம்பி மாலையில் திரும்பியது அன்றுதான். ‘முகாமிலிருந்து இன்னும் திரும்பாத ஊழியர் அனுசியா, முறைப்படி திரும்பி வரும் பொருட்டு உடனடியாக எவரெஸ்ட் அடிவாரத்துக்குச் செல்லுமாறு உத்தரவிடப்படுகிறார். இதற்குத் தடையில்லை. செலவு அவருடையது. மேற்படி இடத்தில் வாரியத்தின் மூத்த அலுவலர் அவரே ஆதலால், விடுவிப்பு அறிக்கையில் அவரே கையொப்பமிடலாம். பெறப்படும் மனுக்களின் மீதும் அவரே ஆணை பிறப்பிக்கலாம்.’

செலவு அவளுடையது என்பதால் மங்களேஸ்வரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதினொன்றாம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிடும்போது சங்கிலிப்பாண்டி அவள் முதுகுப்பையைத் தூக்கிப் பார்த்து, “அரிசிய விட லேசுதான்” என்றார். கண் கலங்கியதை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

நடந்தாள். முட்டி கெஞ்சியது. ஆறாவது நாள் வாந்தி எடுத்தாள். முந்நூறு ரூபாய் டீயைக் குடித்தாள், ஒவ்வொரு சொட்டும் அந்த விலைக்குத் தகும் என்று நினைத்தாள். ஒன்பதாவது நாள் பகலில், கல்லும் பனியுமாகக் கிடந்த ஓர் இடத்தில் வழிகாட்டி கையைக் காட்டி, இதுதான் என்றார். சாமியானா இல்லை, நாற்காலி இல்லை. ஒரு பாறையில் பெயர் எழுதியிருந்தது. எங்கேயோ பனி சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. நன்றாக விழுகிறதா, சுமாராக விழுகிறதா என்று எழுத யாரும் கேட்கவில்லை. அனுசியா அந்தப் பாறையில் கையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அப்போது போன் அடித்தது. அந்த உயரத்திலும் வல்லிநாயகத்துக்கு சிக்னல் கிடைத்துவிட்டது.

“அம்மா, போய்ச் சேந்துட்டியா? நல்லது. மனு கட்டம் காலியா இருக்கப்படாது கேட்டியா. எதாவது வந்திருக்கா?”

அனுசியா பையிலிருந்து படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்திருந்தாள்.

“ஒண்ணு வந்திருக்கு அண்ணாச்சி.”

“அங்கனயுமா! மனுதாரர் யாரு?”

“அனுசியா, உதவியாளர். செலவுத் திட்டத்துல அடிச்ச ரெண்டு நாளத் திருப்பிக் குடுக்கணுமாம். மலையப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கணுமாம்.”

“சரி, உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டதுன்னு எழுதிட்டு எறங்கு” என்றார்.

“இல்ல அண்ணாச்சி. ஏற்கப்பட்டதுன்னு எழுதிட்டேன்.”

“ஏற்கப்பட்டதா? அப்படி ஒரு கட்டமே நம்ம படிவத்துல கிடையாதேம்மா!”

“நானே ஒரு கோடு போட்டுக்கிட்டேன்.”

“அடப்பாவி மவளே, அத அழிச்சிரு. ஆடிட்ல...”

“முடியாது அண்ணாச்சி” என்றாள் அனுசியா. “எண் போட்டாச்சு.”